எட்டு மூடை சீமெந்தும் ஈர மணலும்

கிணற்றடியில் தண்ணீர்த் தாங்கி வைக்கவும் துணி தோய்க்கவும் ஒரு கொங்கிறீட் தளம் போடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, தடிப்பு 4 அங்குலம். 4 அங்குலம் என்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு. பெருக்கினால் 40 கன அடி வரும். நம்மூரில் மணலும் சல்லியும் கியூப் கணக்கில்தான் வருகின்றன. 100 கன அடி ஒரு கியூப். அப்படியென்றால் தளத்துக்கு 0.4 கியூப் கொங்கிறீட். இதுவரை ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

சீமெந்து, மணல், சல்லியை 1:2:4 என்று கலக்கிறோம். ஏழு தாச்சி கொட்டினால் ஏழு தாச்சி கொங்கிறீட் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் வேலை பாதியில் நின்றுவிடும். கிடைப்பது ஏறத்தாழ நாலரைத் தாச்சிதான். பனங்காய்க் குவியலுக்குள் கடலையைக் கொட்டினால் குவியல் பெரிதாகாது. அதுபோலச் சல்லியின் இடைவெளிக்குள் மணலும், மணலின் இடைவெளிக்குள் சீமெந்துக் குழம்பும் புகுந்துகொள்கின்றன. அதனால் தளத்தின் 40 கன அடியை 1.54ஆல் பெருக்கி, ஏறக்குறைய 62 கன அடி காய்ந்த பொருள் எடுக்கவேண்டும். அதை ஏழாகப் பிரித்தால் சீமெந்து 9, மணல் 18, சல்லி 35 கன அடி. 50 கிலோ மூடை ஒன்று ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஏழு மூடைக்குக் கொஞ்சம் மேலே வரும், சேதாரத்தோடு எட்டு என்று வாங்குங்கள்.

நீள அகலத்தில் யாரும் பிழை விடுவதில்லை. பிழை தடிப்பில்தான் வருகிறது. நிலம் சராசரியாக ஓர் அங்குலம் பள்ளமாக இருந்தாலே 10 கன அடி கூடுதலாகும், அதாவது கணக்கில் கால் பங்கு. கயிறு கட்டி நான்கைந்து இடத்தில் ஆழம் அளந்த பிறகே கடைக்குப் போங்கள்.

அடுத்த பிழை மணலில். மாரி மழையில் நனைந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கும் மணல் உண்மையான அளவைக் காட்டாது. ஒவ்வொரு மணியையும் மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்து, மணிகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. ஐந்து வீத ஈரத்திலேயே மணல் கால் பங்கு வரை ஊதிவிடும், நுண்மணல் இன்னும் அதிகம். வியப்பு என்னவென்றால், முழுதாக நீரில் மூழ்கினால் அந்த ஊதல் இல்லாமல் போய்விடும். நேரான பக்கமுள்ள தகரம் ஒன்றில் ஈரமணலைத் தளர்வாக 10 அங்குலத்துக்கு நிரப்புங்கள். அதை வெளியே கொட்டி, தகரத்தில் அரைவாசி தண்ணீர் எடுத்து, மணலைத் திரும்பப் போட்டுக் கிண்டிவிடுங்கள். மணல் மட்டம் 8 அங்குலத்துக்கு இறங்கினால் உங்கள் மணல் 25 வீதம் ஊதியிருக்கிறது. அப்போது 18 கன அடிக்குப் பதில் இருபத்திரண்டரை அளக்கவேண்டும். இல்லாவிட்டால் சல்லியின் இடைவெளி நிரம்பாது, கொங்கிறீட்டும் போதாமல் போகும்.

தண்ணீர்தான் உறுதியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கரான டஃப் ஏப்ராம்ஸ் 1918இல் இதை நிறுவினார்: சீமெந்தின் அளவுக்கு எவ்வளவு நீர் சேர்க்கிறோமோ, அந்த விகிதம் கூடக் கூட உறுதி குறையும். மூடைக்கு 25 லீற்றர் போதும். ஈரமணலில் உள்ள நீரையும் அதில் கழிக்கவேண்டும். கலவை இலகுவாக ஓடட்டும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவது, காசு கொடுத்து வாங்கிய சீமெந்தைக் கெடுப்பதாகும். கம்பி வைத்தால் உவர்க் கிணற்று நீரையும் கழுவாத கடல் மணலையும் தொடவே வேண்டாம். உப்பு கம்பியைத் துருவேற்றும்.

இந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பாருங்கள். நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் உள்ளது சுண்ணாம்புப்பாறை. 1990இல் போர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நிறுத்தும்வரை அந்தக் கல்லே சீமெந்தானது. இன்று சீமெந்தும் கருங்கல் சல்லியும் வெளியிலிருந்து வருகின்றன. நாம் அள்ளுவது மணல்தான். மணற்காடு போன்ற வடமராட்சி கிழக்குக் கரைகளின் மணற்குன்றுகள் கடலுக்கு அணை, மழைநீருக்குச் சேமிப்பு. அளக்காமல் இறக்கி முற்றத்தில் மிஞ்சிக் கிடக்கும் ஒவ்வொரு பெட்டி மணலும் இப்படி ஏதோவொரு கரையிலிருந்து அள்ளியது. மணலுக்குச் சொல்லும் முன் கயிறும் தகரமும் கொண்டு ஒருதரம் அளந்துபாருங்கள்.