தொழிற்கல்வியும் தொண்டும்



உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவிற் பிள்ளையைச் சேர்த்த சில நாட்களிலேயே, "சேர், பிள்ளை டாக்டராக வேண்டுமானால் எந்தத் தொண்டு செய்தால் நல்லது?" என்று வினவும் பெற்றோர் பட்டிப்பொலைப் பகுதியிலும் இப்போது உளர். வெளிநாட்டில் வாழும் உறவினரின் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன் வைத்தியசாலைகளில் ஊதியமின்றிப் பணி செய்தார்களாம் என்ற செய்தி தொலைபேசி வழியாக லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அச்செய்தி பொய்யன்று. ஆனால் அதை அப்படியே இங்கு நட்டால் வேர் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டின் அரச பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுக்கு மாணாக்கர் தெரிவு செய்யப்படுவது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு. மருத்துவத்திற்குரிய இடங்களுள் நூற்றுக்கு 40 பங்கு அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 பங்கு மாவட்டங்களின் சனத்தொகைப்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 பங்கு கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு உரியது; நுவரெலியாவும் அவற்றுள் ஒன்று. இக்கணக்கில் தொண்டுக்கு ஒரு புள்ளியேனும் இல்லை. ஆகவே பரீட்சைக்கு முந்திய மாதங்களில், சான்றிதழை எண்ணிப் பிள்ளையை முகாம் முகாமாக அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கே. கொழுந்து பறித்துச் சேர்த்த கூலியில் தனி வகுப்புக்குப் பணம் கட்டும் தாய் ஒருத்தியிடம் இதை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டியது எம் போன்றோரின் கடமை.

அங்ஙனமாயின் தொண்டு எங்கே கணக்கிற் சேரும்? பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கு ஆசிரிய மாணவரைத் தெரிவு செய்யும்போது, பரீட்சைப் பெறுபேற்றோடு நேர்முகப் பரீட்சையும் உண்டு. அங்கே பாடப்புறச் செயல்கள் பற்றிய சான்றுகளுக்கு இடமிருக்கிறது. அந்நிய நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோருக்கு அதன் பயன் இன்னும் மிகுதி. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை குறிப்பிடலாம். ஆயினும் அவற்றுள் 3 பற்றி மாத்திரமே விரித்தெழுத இடம் தருகிறார்கள். பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளோ, வைத்தியசாலையிற்றான் பணி செய்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. மக்களோடு பழகும் எப்பணியாயினும், வீட்டில் நோயுற்ற பாட்டியைப் பராமரித்ததாயினும், அதனின்று விண்ணப்பதாரர் யாது கற்றார் என்பதே அவர்கள் கேட்பது.

இனி, எப்பணியைத் தெரிந்தெடுப்பது? உயர்தரப் பரீட்சை முடிந்தபின் பல்கலைக்கழக வாயில் திறக்கும்வரை நம் பிள்ளைகள் பல மாதங்கள் காத்திருக்கிறார்கள். அக்காலமே இதற்கு உகந்தது. மலைநாட்டில் அப்போது செய்யத்தக்க பணிகளுள் முதலாவதாக நான் எண்ணுவது மொழித்துணை.

நுவரெலியா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிக்குத் தோட்டத்திலிருந்து வரும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சிங்களம் தெரியாது. எதிரே நிற்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. எந்த வரிசையில் நிற்பது, இரத்தப் பரிசோதனைக்கு எந்த அறைக்குச் செல்வது, மறுமுறை எந்தத் திகதியில் வருவது, மாத்திரையை உணவுக்கு முன் விழுங்குவதா பின் விழுங்குவதா என்பவை விளங்காமலே அவர் மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். அடுத்த கிளினிக்கிற்கு வராமலும் விட்டுவிடுகிறார். இரு மொழியும் அறிந்த ஓர் இளைஞன் வாரத்தில் ஒரு காலை அங்கே நின்றாலே நிலைமை எவ்வளவோ மாறும். 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே இவ்வுதவியை அளிப்பது அரசின் கடன். இளைஞர் நிற்கிறார்கள் என்பதற்காக அக்கடன் தீர்ந்ததாகி விடாது.

இப்பணிக்கு வரம்புகளும் உண்டு. வைத்தியசாலைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் உள்ளே செல்லலாகாது. சொல்லப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். தன் சொந்த வைத்திய ஆலோசனை ஒன்றையும் சேர்த்தல் ஆகாது. புற்றுநோய் என்றோ, சத்திரசிகிச்சை வேண்டும் என்றோ வைத்தியர் அறிவிக்கும் நேரத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை இடையில் நின்று மொழிபெயர்ப்பது தகாது. அதற்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வேண்டும். மேலும், ஒரே தோட்டத்தார் ஒருவரையொருவர் அறிவர். யாருக்கு என்ன நோய் என்பதை அன்று மாலை லயத்தில் வாய்தவறிச் சொல்லிவிடும் பிள்ளை, சான்றிதழ் எத்தனை வைத்திருந்தாலும் வைத்தியத் தொழிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது என் துணிபு.

நகருக்குச் செல்ல வசதியில்லாதோர்க்குத் தோட்டத்திலேயே வேலை இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாம். தனித்து வாழும் முதியோருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். சட்டம் பயில விரும்புவோர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்பிக் கொடுத்தால், ஓர் எழுத்துப் பிழை ஒரு மனிதனை எத்தனை அலுவலகங்களுக்கு அலைய வைக்கிறது என்பதை எந்த நூலையும்விடத் தெளிவாக அறிவார்கள்.

கூட்டுப் பணியும் நன்றே. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவைக் கிராமத்துக்குச் சென்று, அவ்வூராரோடு தங்கி உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே கிளைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்தபோதும் இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முதல் வாரத்தில் ஆட்கள் பெருகுவர்; மூன்றாம் மாதத்தில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதே என் வழக்கம். ஒரு நாள் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவதை நேர்முகப் பரீட்சையில் இரண்டே கேள்விகளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு தொண்டு அனுபவம் தருவோரிடம் எச்சரிக்கை தேவை. மேனாட்டு இளைஞர் பலர் பெருந்தொகை கட்டி நம் நாட்டுக்கு வந்து வைத்தியசாலைகளைப் பார்த்துச் செல்கின்றனர். பயிற்சி பெறாத மாணவர் வெளிநாடு சென்று ஊசி போடுதல் முதலிய காரியங்களில் ஈடுபடலாகாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே அறிவுறுத்தியுள்ளது. அவர்கள் கடல் கடந்து தேடுவது நம் பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதற்குக் கட்டணம் எதற்கு?

தெரிவு செய்யும்போது தூரத்தையும் பொழுதையும் கருத வேண்டும். பட்டிப்பொலைப் புகையிரத நிலையம் 6,226 அடி உயரத்தில், நாட்டிலேயே மிக உயர்ந்த நிலையமாக இருக்கிறது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய இடமே நல்ல இடம்.

பணியைத் தொடங்கிய நாளிலேயே ஒரு கொப்பி வைத்துக்கொள்க. திகதி, மணிநேரம், செய்த காரியம் ஆகியவற்றை எழுதுக. நோயாளரின் பெயரை எழுதற்க. மாத முடிவில் பொறுப்பாளரின் ஒப்பம் பெறுக. "காலை 8 முதல் 11 வரை. மூவருக்குக் கிளினிக் திகதியை விளக்கினேன். ஒருவர் வாசிக்கத் தெரியாது என்றார், காலை மாத்திரைப் பொட்டலத்தில் சூரியனையும், இரவு மாத்திரைப் பொட்டலத்தில் சந்திரனையும் வரையலாமா என்று மருந்தாளரிடம் கேட்டேன், வரையச் சொன்னார்" என்பது போல நாலு வரி போதும்.