பூமியில் புதைந்த யுத்தம்

1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தது. அன்று பிறந்த குழந்தைகளும் இன்று கிழப்பருவம் எய்திவிட்டனர். எனினும், பெர்லினுக்கு வடக்கே ஹாவல் நதிக்கரையிலுள்ள ஒரானியன்பர்க் நகரில், சொந்த மனையில் அஸ்திவாரம் தோண்ட விரும்புகிறவன், அங்கே வெடிகுண்டு இல்லையென்ற அத்தாட்சியை முதலில் பெற்றாக வேண்டும். இது வீண் பயமென்று எண்ணும் வாசகர்கள் அவ்வூரின் கதையைச் சற்றுக் கேட்கவேண்டும்.

1945 மார்ச் 15-ஆம் தேதி, 600-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் ஒரே பிற்பகலில் அந்நகரின் மீது சுமார் 1,500 டன் வெடிகுண்டுகளைக் கொட்டின. அங்கிருந்த யுரேனியத் தொழிற்சாலை ருஷ்யர் கைக்குச் சிக்கலாகாது என்பதே நோக்கம். ஜெர்மனி வீழ்வதற்கு இரண்டு மாதங்கூட இல்லாத சமயம் அது! நேச நாட்டினர் ஒருவரையொருவர் நம்பிய லட்சணம் அப்படி.

அக்குண்டுகளில் பெரும்பாலானவை விழுந்தவுடன் வெடிப்பவையல்ல. தீயணைக்கவும் காயம்பட்டோரை மீட்கவும் ஜனங்கள் கூடிய பிறகு, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ தாமதித்து வெடிக்கும்படி செய்யப்பட்டவை. வாலில் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் என்ற திராவகம் இருக்கும். குப்பி உடைந்ததும் அது செல்லுலாய்ட் வில்லைகளைக் கரைக்கும். வில்லை இளகியதும் அதுவரை தடுக்கப்பட்டிருந்த ஊசி பாய்ந்து குண்டை வெடிக்கச் செய்யும். ஆனால் ஒரானியன்பர்க்கின் மண் இளகிய மணல். அதனடியில் கடினமான படிவம். பாய்ந்த குண்டுகள் பல அங்கே வளைந்து, மூக்கு மேலும் வால் கீழுமாக நின்றுவிட்டன. திராவகம் வில்லையை விட்டு வடிந்துபோயிற்று. ஊசி நின்ற இடத்திலேயே நின்றது. வெடிமருந்தோ கெடவில்லை. கெட்டு வருவது ஊசியைத் தடுத்திருக்கும் அந்த வில்லைதான். நாளாக ஆக அபாயம் குறையுமென்று சும்மா இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1990-க்குப் பிறகு அவ்வூரில் மட்டும் 200-க்கு மேற்பட்ட குண்டுகள் அகற்றப்பட்டிருக்கின்றன. யுத்த காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்து, பெரும் பள்ளங்களுக்கு நடுவே வெடிக்காத குண்டு புகுந்த சிறு துவாரத்தைத் தேடுகிறார்கள். பிறகு வரிசையாகத் துளையிட்டுக் காந்தக் கருவியை இறக்கி, இரும்பு தென்படுகிறதா என்று சோதிக்கிறார்கள். மெதுவான வேலை, செலவும் அதிகம். தேடாமல் தோண்டினால் என்ன நேரும் என்பதை 2014 ஜனவரியில் ஆய்ஸ்கிர்ஷன் நகரம் கண்டது: கட்டிட இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்த யந்திரத்தின் ஓட்டுநர் குண்டு வெடித்து மாண்டார். தேர்ந்தவர்களுக்கும் தப்பில்லை. 2010 ஜூன் 1-ஆம் தேதி கெட்டிங்கன் நகரில், கட்டிட வேலையில் அகப்பட்ட இத்தகைய குண்டொன்றைச் செயலிழக்கச் செய்யும் ஏற்பாட்டிலிருந்த நிபுணர் மூவர் பலியாயினர்.

இனி, பணம் யார் கொடுப்பது? கண்டெடுத்த குண்டை அகற்றும் செலவு சர்க்காருடையது. தேடும் செலவோ பல மாகாணங்களில் நிலத்துக்குடையவன் தலையில் விழுகிறது. மத்திய சர்க்கார், பழைய ஜெர்மன் சாம்ராஜ்யத்தின் வெடிமருந்துக்கே தாங்கள் பொறுப்பென்றும், எதிரி போட்ட குண்டுக்கு அல்லவென்றும் நெடுங்காலம் வாதித்து, பின்னரே ஓரளவு உதவ முன்வந்தது. குண்டு எந்த நாட்டில் வார்க்கப்பட்டது என்று பார்த்துக் கணக்குத் தீர்க்கும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. யுத்தத்தைத் தொடங்கியது ராஜாங்கம். ராஜாங்கத்தின் கடனை, பிற்காலத்தில் ஒரு மனை வாங்கிய குற்றத்துக்காகப் பிரஜை தீர்க்க வேண்டுமா? தேடும் செலவு முழுவதையும் மத்திய கஜானாவே ஏற்கவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

2013 நவம்பரில் ஒரானியன்பர்க் வாசி ஒருவரின் வீட்டடியில் கிடந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய இயலவில்லை. இருந்த இடத்திலேயே அதை வெடிக்கவைத்தார்கள். இருபது வருஷ காலம் அவர் குடியிருந்த வீடும் அதனோடு போயிற்று.