ஆகாய விமானத்தின் உட்காற்று

1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. டக்கோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் காற்றை அமுக்கி வைக்கும் ஏற்பாடு கிடையாது. ஆகவே அது தாழப் பறந்தது. வெளியே வீசிய காற்றே உள்ளேயும் இருந்தது. இன்று டொரன்றோவிலும் இலண்டனிலும் வாழும் மக்களைக் காணப் புறப்படும் யாழ்ப்பாணத்து முதியோரின் நிலை அதுவன்று.

பெரிய ஜெற் விமானங்கள் 36,000 அடி உயரத்திற் பறக்கின்றன. அங்கே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் நாலில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. மனிதர் உயிரோடிருக்க, காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகின்றனர். எனினும் யாழ்ப்பாணத்துத் தரைமட்டக் காற்றின் செறிவு அங்கே கிடைப்பதில்லை. உள்ளமுக்கம் 8,000 அடி, அதாவது ஏறக்குறைய 2,440 மீற்றர் உயரத்துக்கு ஒப்பாக இறங்க இடமுண்டு. நுவரெலியா நகரின் உயரம் 1,868 மீற்றர்; பிதுருதலாகல மலையின் உச்சி 2,524 மீற்றர். ஆகவே தொலைதூரப் பயணி, அம்மலையுச்சிக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு ஒப்பாவார். சுகதேகிக்கு இதனால் களைப்பன்றி வேறொன்றும் நேராது. இரத்தசோகை, இருதய நோய், நீடித்த நுரையீரல் நோய் உடையோர்க்கோ இது சிறு விடயமன்று. வீட்டிலுள்ள ஒட்சிசன் உருளையைக் கையோடு கொண்டு ஏறிவிடவும் முடியாது. மருத்துவரின் சான்றுடன் விமான நிறுவனத்துக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.

ஈரப்பதனும் நூற்றுக்கு 20 அளவுக்குக் கீழே இறங்கிவிடும். கடற்காற்றிற் பழகிய மூக்கும் தொண்டையும் வறள்வது இதனாலேயே.

தொற்றுநோய் பற்றிய அச்சம் ஓரளவு மிகையானது. பெரும்பாலான ஜெற் விமானங்களில் காற்றிற் பாதி வெளியிலிருந்து வருகிறது. மறுபாதி, நுண்டுணிக்கைகளில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கும் வடிகட்டியினூடே மீள வருகிறது. ஆனால் பக்கத்து ஆசனத்தில் இருமுபவரின் மூச்சு வடிகட்டியை அடையுமுன் அயலாரை அடைந்துவிடும்!

விவாதத்துக்குரியது இனி வருவது. வெளிக்காற்று நேரே உள்ளே வருவதில்லை; பெரும்பாலான விமானங்களில் அது இயந்திரத்தின் அமுக்கிப் பகுதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அங்குள்ள எண்ணெய்த் தடுப்புகள் தேய்ந்தால், எண்ணெயின் ஆவி காற்றோடு கலக்கும். அவ்வெண்ணெயிற் சேர்க்கப்படும் திரைகிரெசைல் பொசுபேற்று நரம்புகளுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. இத்தகைய வேளைகளில் தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டதாக விமானப் பணியாளர் பலர் முறையிட்டுள்ளனர். 2011இல் வெளியான கிரன்பீல்ட் பல்கலைக்கழக ஆய்வு 100 பறப்புகளின் காற்றை அளந்து, நச்சுப் பொருள்கள் அங்கீகரிக்கப்பட்ட எல்லையை மீறவில்லை என்றது. ஆயின் முறைப்படி அறிவிக்கத்தக்க புகைக்கசிவு அந்த 100 பறப்புகளில் ஒன்றிலேனும் நிகழவில்லை. மழை பெய்யாத நாளிற் கூரையைச் சோதித்தது போன்றது அது. நீடித்த நோய் உண்டாகிறதா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. 2011இற் சேவைக்கு வந்த போயிங் 787 விமானமோ, இயந்திரத்தை விடுத்து மின்னமுக்கிகளாலே வெளிக்காற்றை எடுக்கிறது.

2019இற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கும் சென்னைக்குமிடையே பறந்துவரும் ஏ.ரி.ஆர். 72 விமானம் 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை, பயணமும் குறுகியது. கவலை அதற்கப்பாலுள்ள நெடும்பயணத்துக்கே உரியது. அப்போது அழுக்குக் காலுறை போன்ற வாடையோ எண்ணெய்ப் புகையோ வீசினால், பயணி உடனே பணியாளரிடம் கூறி, விமான இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துவைத்தல் நன்று. பின்னர் உடல்நலம் குன்றினால் மருத்துவர் முதலிற் கேட்பவை அவையே.