கடன் வசூலும் மிரட்டலும்: சட்டம் என்ன சொல்கிறது?

செலண்டார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்ததும் தனியாக நின்று கேட்டாள்: "டீச்சர், அப்பா வாங்குன கடனுக்கு எங்களையும் பிடிப்பாங்களா?" வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்களாம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டதே என்ற வெட்கத்தில் யாரும் போலீசுக்குப் போகவில்லை.

அவள் கேள்விக்கான பதிலை எல்லா மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கடன் வாங்கியவரும் பிணையாளராகக் கையெழுத்துப் போட்டவரும்தான் பொறுப்பு. அப்பா வாங்கிய கடனைக் கட்டு என்று பிள்ளையை யாரும் நெருக்க முடியாது.

இரண்டாவது, வட்டிக்குக் கடன் கொடுப்போரை 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் (சட்டம் 400) கட்டுப்படுத்துகிறது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காடு. வட்டி அதற்குமேல் போகக்கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 180 வெள்ளி. ஆலோங் எனப்படும் வட்டிமுதலை வாரத்துக்கு 10 விழுக்காடு கேட்டால், 52 வாரத்தில் வட்டி மட்டும் 5,200 வெள்ளி! முதல் அப்படியே நிற்கும்.

உரிமம் இல்லாமல் வட்டித்தொழில் செய்தால் 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவருடைய கடன் ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் செல்லாது. அதனால்தான் அவர் வழக்குப் போடாமல் சாயத்தையும் பூட்டையும் கொண்டு வருகிறார்.

மூன்றாவது, உரிமம் பெற்றவரும் மிரட்டக்கூடாது. அச்சட்டத்தின் 29பி பிரிவு கடனாளியைத் துன்புறுத்துவதையும் அச்சுறுத்துவதையும் குற்றமாக்குகிறது. குற்றவியல் சட்டம் 506ஆவது பிரிவின்படி மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கொல்வேன், கொளுத்துவேன் என்றால் ஏழு ஆண்டு வரை.

2025இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வசூல் நிறுவனங்களும் இதன்கீழ் வருகின்றன.

மிரட்டல் வந்தால் என்ன செய்வது?

1. குறுஞ்செய்தி, அழைப்பு எண், சாயம் பூசிய இடத்தின் படம் எதையும் அழிக்காதீர்கள்.
2. உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். புகாரின் நகலை வாங்கி வையுங்கள்.
3. ஏ.டி.எம். அட்டையையும் அடையாள அட்டையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.
4. ஒரு கடனை அடைக்க இன்னோர் ஆலோங்கிடம் போகாதீர்கள். வங்கிக் கடன் சுமைக்கு ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை தருகிறது.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டியதுதான்; அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கடன்பட்டது குற்றமில்லை, மிரட்டுவதுதான் குற்றம். அந்த மாணவிக்கும் இதைத்தான் சொன்னேன். மறுநாள் அம்மாவோடு போலீஸ் நிலையம் போனாள்.

சிந்தனை வினா: வட்டிமுதலைகளிடம் மக்கள் சிக்குவதற்கான காரணங்களையும் தடுக்கும் வழிகளையும் விளக்கிக் கட்டுரை எழுதுக.