ஒரே கொடுமைக்கு இரண்டு பெயர்கள்

‘தப்பியோட முயன்ற கைதி வழுக்கி விழுந்தார், கை முறிந்தது.’ அன்பு வாசகர்களே, இத்தகைய செய்தியை எத்தனை முறை வாசித்திருப்பீர்கள்! மாவுக்கட்டுடன் ஒரு படமும் உடன் வரும். செட்டிகுளம் கடைவீதியில் தேநீர் அருந்தியபடி நாளேட்டைப் புரட்டுகிறவரும் சிரித்துக்கொண்டே அதைக் கடந்துவிடுகிறார். கைதிகள் மட்டுமே இப்படி வழுக்கி விழுவதேன் என்று செய்தியாளர் கேட்பதில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல்துறையினர் பிடித்துச்சென்ற ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து மாண்டனர். அவர்கள் தரையில் புரண்டதால்தான் காயமடைந்தனர் என்றது முதல் தகவல் அறிக்கை! நாடே கொதித்தெழுந்ததால் அந்தக் கதை எடுபடவில்லை. கேட்பாரற்ற கைதிகளின் விஷயத்தில் அதே கதைதான் செய்தியாக அச்சேறுகிறது.

இது நம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு மட்டும் உரிய நோயன்று. கைதியைக் கட்டிக் கிடத்தி, முகத்தைத் துணியால் மூடி, மூச்சுத் திணறும்படி நீரூற்றும் கொடுமை ஒன்றுண்டு. 1930கள் முதல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அதைப் பெரும்பாலும் ‘சித்திரவதை’ என்றே எழுதிவந்தது. அமெரிக்க அரசே அதைச் செய்தபோது, 2002 முதல் 2008 வரை, 143 கட்டுரைகளில் இரண்டே இரண்டில்தான் அப்படிக் குறித்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. அரசு மறுக்கையில் அச்சொல்லைக் கையாள்வது ஒருபக்கம் சாய்வதாகும் என்பது ஏட்டின் சமாதானம். சாயாமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்! 2014 ஆகஸ்டில்தான் அவ்வேடு தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

2007இல் ஹைதராபாத் மக்கா மஸ்ஜித் குண்டுவெடிப்புக்குப் பின் பிடிக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள், தங்களை வதைத்ததாகக் கதறினர். காவல்துறை சொன்னால் அது ‘தகவல்’. கைதி சொன்னால் வெறும் ‘புகார்’. பின்னர் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆந்திர அரசு இழப்பீடும் அறிவித்தது. அதற்குள் அவர்கள்மீது குத்தப்பட்ட ‘தீவிரவாதி’ முத்திரையை எந்த ஏடு அழித்தது?

உண்மையறிய வழியில்லாமலும் இல்லை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே ஆணையிட்டுள்ளது: கைதானவர் கோரினால் அவர் உடற்காயங்களை அப்போதே குறித்து அவரிடமும் கையொப்பம் பெறவேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்கவேண்டும். ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதும் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். அந்தக் குறிப்பை உங்கள் செய்தியாளர் பார்த்தாரா என்று கேளுங்கள்.