கல்லூரியில் சாதி, ஊர், நிறம், வசதி பார்த்து ஒதுக்கினால்... 'பிராது' எங்கே கொடுப்பது?

விருத்தாசலத்துக்காரர்களுக்கு 'பிராது' புதிய சொல் கிடையாது. ஊரை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் அது ஒரு வழக்கம். கொடுத்த கடன் திரும்பி வரவில்லை, திருடுபோன பொருள் கிடைக்கவில்லை, குடும்பத்தில் நிம்மதி இல்லை... எந்தக் குறையாக இருந்தாலும் தாளில் எழுதி சாமி முன் வைத்து, முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் கைகூடினால் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்குவதும் உண்டு.

அதே கொளஞ்சியப்பர் பெயரில்தான் ஊரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பீங்கான் ஊர் என்பதால் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவும் தனி நிறுவனம் உண்டு. சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். சிதம்பரம், சென்னை என்று வெளியூர் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்களும் நிறைய.

சரி, கல்லூரியில் ஒரு மாணவரை சாதி சொல்லியோ, ஊரைச் சொல்லியோ, வீட்டு வசதியைச் சொல்லியோ சக மாணவர்களே ஒதுக்கினால் அந்தப் பிராதை எங்கே கட்டுவது? சாமிகிட்ட எழுதிக் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு, காலேஜ்ல யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விரிவாகப் பார்க்கலாம்.

எதெல்லாம் பாகுபாடு?

யாரும் நேரடியாக "நீ என்ன சாதி?" என்று கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கும். அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?", "உங்க கோயில் எது?", "அப்பா என்ன பண்றார்?", "உன் கட் ஆஃப் எவ்வளவு?" என்று நீளும். பதில் கிடைத்ததும் சாப்பிடும் இடம் மாறும், பிராஜெக்ட் குழு மாறும், வாட்ஸ்அப் குரூப் ஒன்று இரண்டாகும். கேட்டால், "அட, சும்மா ஜாலிக்குத்தான்" என்பார்கள்.

விதியைப் பொறுத்தவரை இது ஜாலி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2012-ல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகள், எதெல்லாம் பாகுபாடு என்று பட்டியலே போட்டிருக்கின்றன. அவற்றில் சில:

• வகுப்பில் சாதிப் பெயரை வெளிப்படையாகச் சொல்வது
• 'இவர் ரிசர்வேஷன்' என்று முத்திரை குத்துவது
• மார்க் குறைந்ததற்கு சாதியையோ சமூகப் பின்னணியையோ காரணமாகச் சொல்லி மட்டம் தட்டுவது
• ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் தனித்தனியாகப் பிரிப்பது

ராகிங் தொடர்பான யுஜிசி விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2016-ல் செய்த திருத்தத்தின்படி நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், பேசும் மொழி, பிறந்த ஊர், குடியிருக்கும் இடம், பொருளாதார நிலை என எதைக் குறிவைத்து உடலாலோ மனதாலோ துன்புறுத்தினாலும் அது ராகிங்தான். "இவன் போட்டிருக்கிற செருப்பைப் பாரு" என்று தினமும் கேலி செய்து ஒருவரை ஒடுக்குவதும் இதில் வரும். வடகிழக்கு மாநில மாணவரை முகத்தை வைத்துக் கிண்டல் செய்வதும் இதில் வரும்.

இது எங்கே போய் முடியும்?

2008 நவம்பர் 12. சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்களை மாணவர்களே அடித்து வீழ்த்திய காட்சியைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. போலீஸ் கைகட்டி நின்றதும் அதே காட்சியில் பதிவானது. ஒரு விழா போஸ்டரில் கல்லூரியின் பெயரில் இருந்த 'அம்பேத்கர்' விடுபட்டதில் தொடங்கிய புகைச்சல், சாதி மோதலாக வெடித்தது.

டெல்லியில் 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவரது மரணத்தில் முடிந்தது. அதன் பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, வடகிழக்கு மக்கள் மீதான இனவெறிக்கு எதிராகத் தனிச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளியில் கட்டிய கயிறு, கல்லூரி சேர்ந்ததும் தானாக அவிழ்ந்துவிடாது என்பதுதான் கவலை.

விருத்தாசலம் கற்ற பாடம்

இந்த ஊருக்கே ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்தில் உள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள் முருகேசனும் கண்ணகியும். முருகேசன் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டதாரி. கண்ணகி வேறு சமூகம். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவரும் ஜூலை 8-ம் தேதி விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். கையில் பட்டம் இருந்தும் சாதி விடவில்லை.

அதைவிட முக்கியம், அடுத்து நடந்தது. முருகேசன் குடும்பம் புகாரோடு போனபோது போலீஸ் உடனே வழக்குப் பதிவு செய்யவில்லை. பிறகு வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த அதிகாரிகளின் தண்டனையை உறுதி செய்தது.

ஒரு பிராதை உரிய நேரத்தில் வாங்காமல் போனதற்கான விலை, 18 வருஷக் காத்திருப்பு. கல்லூரிக்கும் இதே கணக்குதான். முதல் கேலியின்போதே புகாரை வாங்கி விசாரித்தால், அது அடிதடி வரை போகாது.

சரி, எங்கே போவது?

மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, கல்லூரிக்குள்ளேயே. 2012 யுஜிசி விதிப்படி பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் நிலையிலும், கல்லூரி என்றால் இணைப் பேராசிரியர் நிலையிலும் இருப்பவர்தான் அந்த அலுவலர். அவரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். "எங்க காலேஜ்ல அப்படி யாரும் இல்லையே" என்றால், முதல்வரிடமே எழுதிக் கொடுத்து 'அந்த அலுவலர் யார்?' என்றும் கேட்கலாம்.

இரண்டாவது கதவு, ராகிங் தடுப்பு. 1996-ல் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். இதே கடலூர் மாவட்டத்தை உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்ததுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியை விட்டும் நீக்கப்படுவார். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரையும், குற்றத்துக்குத் துணைபோனவராகவே இந்தச் சட்டம் கருதுகிறது. பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஏஐசிடிஇ-யின் ராகிங் தடுப்பு விதிகள் 2009 முதல் உள்ளன. 24 மணி நேர தேசிய உதவி எண்: 1800-180-5522.

மூன்றாவது கதவு, போலீஸ். பட்டியல் சாதி, பழங்குடி மாணவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 'பொதுப் பார்வை' என்பது இங்கே முக்கியம். பிறர் பார்க்கவோ கேட்கவோ நடந்திருக்க வேண்டும் என்பதால், உடன் இருந்த நண்பரின் சாட்சியம்தான் வழக்கின் உயிர். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண்: 14566.

அப்புறம் ஏன் புகார் வருவதில்லை?

நாடு முழுக்க உயர்கல்வியில் 4 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால், யுஜிசி தொகுத்த கணக்குப்படி சாதிப் பாகுபாடு புகார்கள் 2019-20-ல் 173. 2023-24-ல் 378. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது என்பது ஒரு பக்கம். 4 கோடி பேரில் 378 புகார்தானா என்பது இன்னொரு பக்கம்.

காரணம் மாணவர்களுக்கே தெரியும். இன்டர்னல் மார்க் பயம். "நாளைக்கும் அவன்கூடதானே ரூம்ல இருக்கணும்" என்ற தயக்கம். "படிக்கப் போன இடத்துல எதுக்குப்பா வம்பு" என்று வீட்டில் சொல்வது. புகார் கொடுத்தால் தன் சாதி எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். ஹாஸ்டல் பெயரே சாதியைக் காட்டிக்கொடுத்த காலமும் இருந்தது. அரசு நலத்துறை விடுதிகள் எல்லாம் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என 2025 ஜூலையில்தான் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

புது விதி என்ன ஆச்சு?

ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016-லும், மும்பை மருத்துவ மாணவி பாயல் தத்வி 2019-லும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2012 விதிகள் ஏட்டோடு நிற்கின்றன என்று இவர்களின் தாய்மார்கள் ராதிகா வெமுலாவும் அபேதா தத்வியும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2026 ஜனவரியில் யுஜிசி புதிய சமத்துவ விதிகளை வெளியிட்டது. இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களையும் சேர்த்தது, சமத்துவக் குழு, 24 மணி நேர உதவி எண் ஆகியவை இதில் முக்கியம். பொதுப்பிரிவு மாணவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எதிர்ப்பு கிளம்ப, ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் புதிய விதிகளை நிறுத்திவைத்தது. 2012 விதிகள் தொடரும் என்றும் சொன்னது.

புகாரை எப்படி எழுதுவது?

• நடந்த தேதி, நேரம், இடம்
• சொன்ன வார்த்தை என்னவோ அதை அப்படியே
• அப்போது உடன் இருந்தவர்கள் யார் யார்
• மெசேஜ் என்றால், அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்
• புகாரின் நகலில் தேதியோடு 'பெற்றுக்கொண்டேன்' என்ற கையெழுத்து

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். வாயால் சொன்ன புகாரை "அப்படி யாரும் சொல்லவே இல்லையே" என்று தட்டிவிடலாம். கையெழுத்து இருக்கும் தாளைத் தட்டிவிட முடியாது.

பாதிக்கப்பட்டவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோரும் புகார் கொடுக்கலாம். பக்கத்து பெஞ்ச் நண்பர் "நான் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். மன அழுத்தம் அதிகமாக இருந்தால் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கோயிலில் பிராது கட்டுபவர், குறையை வெளியே சொல்ல வெட்கப்படுவதில்லை. தப்பு செய்தது தான் இல்லை என்று அவருக்குத் தெரியும். கல்லூரியில் ஒதுக்கப்படும் மாணவரும் அப்படித்தான். வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.