தேதிக்குத்தான் காசு

பெட்டி கட்டுவோம்! – 6

போன இடத்தில் சாப்பாட்டுச் செலவை எப்படி அடக்குவது என்று சென்ற இதழில் பார்த்தோம். சாப்பாடு, ஆட்டோ, பொம்மை, வறுத்த கடலை எல்லாம் ஊரில் இறங்கிய பிறகு வருகிற செலவுகள். மனசு வைத்தால் அங்கேயே இழுத்துப் பிடிக்கலாம். ரயில் டிக்கெட்டும் ரூம் வாடகையும் அப்படியல்ல. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, "சரி, இந்தத் தேதியில போயிட்டு வந்துடலாம்" என்று வீட்டில் யாரோ சொல்லி, மற்றவர்கள் தலையாட்டிய நிமிடத்திலேயே அவை ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன.

நம் வீடுகளில் டூர் பேச்சு எப்போதும் ஊரில்தான் ஆரம்பிக்கும். ஒரு காலத்தில் ஊட்டியா, கொடைக்கானலா என்று இரண்டே கட்சி. இப்போது வயநாடு, வாகமன், வால்பாறை, கோலாலம்பூர், பாங்காக், வியட்நாம் என்று பட்டியல் நீள்கிறது. ரீல்ஸில் பார்த்த அருவியைப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். காசி, ராமேஸ்வரம் என்று பாட்டி ஒரு பக்கம் இழுக்கிறார். எங்கே என்று ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டு, எப்போது என்பதை ஒரே வரியில் முடிக்கிறோம்: "மே மாசம், பசங்க லீவுல." அதே வரியை அதே வாரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் சொல்கின்றன. விலை ஏறுவது அங்கேதான்.

இந்த வாரம் எல்லோருக்கும் தெரிந்த ஊட்டியை வைத்தே கணக்குப் போடுவோம். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

மே மாத ஊட்டி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊருக்கு, சென்னை வெயிலில் வேகிறவர்கள் மே மாதம் ஆசைப்படுவது இயற்கை. 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று கோடை விழா களைகட்டுவதும் அந்த மாதத்தில்தான். நமக்கு மட்டுமா லீவு? கேரளாவிலும் கர்நாடகாவிலும் அதே நேரத்தில் பள்ளிகள் மூடியிருக்கும். மூன்று மாநிலக் கூட்டமும் ஒரே மலையில் ஏறுகிறது.

கூட்டத்துக்கு ஏற்ப மலையில் அறைகள் பெருகுவதில்லை. மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம் என்பதால் நீலகிரியில் கட்டட விதிகள் கடுமை. நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. லாட்ஜ்காரர்களுக்கும் ஏப்ரல், மே இரண்டு மாத வருமானம்தான் மழைக்காலத்தை ஓட்டக் கைகொடுக்கிறது. 'கொள்ளையடிக்கிறான்' என்று திட்டிப் பிரயோஜனமில்லை. இருக்கிற அறை கொஞ்சம். கேட்கிற ஆள் ஏராளம்.

சாலைக்கும் ஓர் அளவு உண்டு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கூட்டம் வால்பாறைப் பக்கம் திரும்ப, 2025 நவம்பரில் அங்கேயும் இ-பாஸ் வந்துவிட்டது. சொந்தக் காரில் போகிறவர்கள் ரூம் போடுவதற்கு முன் இ-பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இலவசம், எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அறுபது நாள் கணக்கு

ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயணம் செய்யும் நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 20 இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமென்றால், மார்ச் 21 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். மே 24 அன்று திரும்புவதாக இருந்தால் அந்த டிக்கெட்டுக்கு மார்ச் 25 காலை. போகிற டிக்கெட்டைப் போட்டுவிட்டு, திரும்புகிற டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் வெயிட்டிங் லிஸ்ட்டில் மாட்டுகிறார்கள். இரண்டு தேதியையும் சமையலறை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம். இந்த 60 நாளை ரயில் புறப்படும் ஊரின் தேதியை வைத்துத்தான் எண்ணுவார்கள். சென்னையில் 20-ம் தேதி இரவு கிளம்பும் ரயிலில் நள்ளிரவுக்குப் பிறகு ஈரோட்டில் ஏறுகிறவருக்கு அது 21-ம் தேதிப் பயணம். ஆனால், முன்பதிவு 20-ம் தேதிக் கணக்கிலேயே திறந்துவிடும். ஒரு நாள் தாமதித்தால் பெர்த் போய்விடும். தவிர, ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் வேளையில் அப்படிப்பட்ட கணக்குகளுக்கே முன்னுரிமை. தட்கலை ஆன்லைனில் எடுக்க 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயம்.

தட்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, பயணத்துக்கு முந்தின நாள். மூன்றடுக்கு ஏசியில் தட்கல் கட்டணம் மட்டும் ஒருவருக்கு 300 முதல் 400 ரூபாய் வரை கூடுதல். நான்கு பேர், போக வர என்றால் 2,400 முதல் 3,200 ரூபாய். குன்னூரில் ஒரு நல்ல வீட்டுத் தங்கலுக்குக் கொடுக்கக்கூடிய பணத்தை, இரண்டு காலைகளை மறந்ததற்காகக் கட்டுகிறோம். அதுவும் டிக்கெட் கிடைத்தால்! உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஐந்து வயது முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் பாதி. ஒல்லியான ஏழு வயதுப் பையன் அம்மாவோடு படுத்துக்கொள்வான் என்றால் அங்கே ஒரு அரை டிக்கெட் மிச்சம்.

இன்னொரு சீசன் இருக்கிறதே!

ஊட்டிக்காரர்களைக் கேட்டால், 'செகண்ட் சீசன்' என்று ஒன்றைச் சொல்வார்கள். செப்டம்பர், அக்டோபர். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மலை முழுக்கப் பச்சை கட்டி நிற்கும். அந்தச் சீசனுக்கென்றே தாவரவியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் புதிதாகப் பூச்செடி வைக்கிறார்கள். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் செப்டம்பர் கடைசியை ஒட்டித்தான் வருகிறது. மே மாதம் போனால்தான் ஊட்டி என்ற எண்ணம் நம் தலையில் ஏறியிருப்பதால், அந்த விடுமுறையை டிவி முன்னால் கழித்துவிடுகிறோம்.

அதிலும் நாள் பார்க்க வேண்டும். ஆயுத பூஜையை ஒட்டிய தொடர் விடுமுறையில் மைசூரு தசராவைப் பார்த்துவிட்டு அப்படியே ஊட்டி ஏறுகிற கூட்டம் பெரிது. அந்த மூன்று நான்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்குப் பிறகு குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவதும், மலை ரயில் நின்றுபோவதும் பல வருடங்களில் நடப்பதுதான். ஆகவே காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிளம்பி, அக்டோபர் முதல் வாரத்துக்குள் இறங்கிவிடுவது உத்தமம். குளிருக்கு ஸ்வெட்டரோடு குடையும் பெட்டியில் இருக்கட்டும்.

வாரத்தின் நாளும் முக்கியம். வெள்ளி இரவு ஏறி ஞாயிறு மாலை இறங்குவது ஊருலக வழக்கம். ஞாயிறு மாலை எல்லோரும் இறங்கும்போது ஏறி, வியாழக்கிழமை கீழே வந்துவிடுங்கள். அதே அறை, அதே ஜன்னல், அதே பனி. வாடகை மட்டும் வேறு.

மலை ரயிலுக்குப் பின்வாசல்

குழந்தைகள் ஊட்டி என்றாலே அந்த நீல ரயிலைத்தான் கேட்பார்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சுமார் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 208 வளைவுகள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ரயிலில் இடம் மிகக் குறைவு. கோடையில் முன்பதிவு திறந்த கையோடு காலியாகிவிடும்.

கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். பேருந்தில் குன்னூர் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு ஏறுங்கள். இந்தப் பகுதியில் ஒரு நாளைக்குப் பல ரயில்கள் ஓடுகின்றன. முன்பதிவில்லாத டிக்கெட்டும் கவுன்ட்டரில் தருகிறார்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் கமல் குட்டிக்கரணம் போட்ட கேத்தி பிளாட்பாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் முக்கி முனகி ஏறுவது கல்லாறு – குன்னூர் பகுதியில்தான். அது இதில் கிடைக்காது. ஆனால் செலவும் அலைச்சலும் வெகுவாகக் குறையும்.

போனில் கேட்க வேண்டியவை

ஆப்பில் விலையைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் லாட்ஜுக்கே ஒரு போன் போடுங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வந்து வியாழன் காலையில காலி பண்றோம். பெரியவங்க ரெண்டு, பசங்க ரெண்டு. வீக்டே ரேட் சொல்லுங்க."

"ரூம் இருக்குங்க. ஆன்லைன்ல போட்டிருக்கிற ரேட்டுதான்."

"நாலு ராத்திரி சேர்ந்தாப்புல தங்குறோமே, பார்த்துச் சொல்லுங்கண்ணே. எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தனியா கேப்பீங்களா? சுடுதண்ணி எந்நேரமும் வருமா, காலையில மட்டுமா?"

இந்த இரண்டாவது சுற்றில்தான் விஷயமே இருக்கிறது. எக்ஸ்ட்ரா பெட், ரூம் ஹீட்டர், பார்க்கிங், டிரைவர் தங்க இடம் ஆகிய நான்கும் மலை ஊர்களில் பில்லின் கடைசியில் முளைக்கிறவை. முதலிலேயே கேட்டு, 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். ஊட்டி நகருக்குள்தான் தங்க வேண்டுமென்பதும் இல்லை. குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிக்கொண்டு, அரசுப் பேருந்தில் ஒரு நாள் ஊட்டியைச் சுற்றிவிட்டு வரலாம். வீட்டிலிருந்தே எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

கடல் தாண்டினாலும் இதே கதை

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலும், தாய்லாந்து அதற்கு முந்தின மாதத்திலும் விசா விலக்கு தரத் தொடங்கிய பிறகு, வெளிநாடு என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிற பேச்சாகிவிட்டது. அங்கும் மே மாத டிக்கெட் விலை வேறு, ஜூலை மாத விலை வேறு. விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும் குறைந்த கட்டணத்தில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பைக்குத்தான் இடம். பெரிய பெட்டி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள். ஏர்போர்ட் கவுன்ட்டரில் அதே எடைக்கு அதிகம் கேட்பார்கள். இரண்டு நாடுகளுமே வருகைப் பதிவை ஆன்லைனில் செய்யச் சொல்கின்றன. அரசுத் தளத்தில் அது இலவசம். கட்டணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நாளில் ஒருமுறை தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

தேதியை நகர்த்தவே முடியாதென்றால்?

'எனக்கு மே மாதம்தான் லீவு தருவார்கள்' என்பவர்கள் நிறையப் பேர். தேதி கையில் இல்லாதபோது ஊரையாவது மாற்றலாம். மே மாதம் எல்லோரும் மலைக்கு ஓடும்போது, கோவில் ஊர்களில் அறை எளிதாகக் கிடைக்கும். வெயிலுக்குப் பயந்தால் காலையும் மாலையும் மட்டும் சுற்றுங்கள். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரகத் தலங்களைச் சுற்றிக் காட்டும் அரசுப் பேருந்துச் சுற்றுலா 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது ஒருவருக்கு 750 ரூபாய்தான். மலைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், கண்காட்சி நடக்கும் வாரங்களை விட்டுவிட்டு, ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்த மறுநாளே கிளம்பிவிடுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டி, அலுவலக விடுமுறைப் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிற, ஆனால் ஊரே கிளம்பாத நான்கு நாட்களைத் தேடுங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும். அந்த நாட்களுக்குப் பொருத்தமான ஊர் எது என்று அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: பேக்கேஜ் டூரா, நாமே போவதா? ஏஜென்ட் தரும் பட்டியலில் 'சேராது' என்று பொடி எழுத்தில் இருப்பவை.)